நூல்கண்டு டப்பாவில் ஒளிந்திருந்த மாத்திரை

அக்கா,

இன்று காலை லேபில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்த பெண்ணின் தலையிலிருந்து வெட்டிவேரும் கறிவேப்பிலையும் கலந்த வாசம் வந்தது. ஊசியைக் கையில் வைத்தபடி உங்களை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஆரணிக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் ரவிக்கை தைக்க உங்கள் கடைக்கு வருவார்கள். போகும்போது நீங்கள் காய்ச்சிய கூந்தல் எண்ணெயும் வாங்கிப் போவார்கள். இடுப்பைத் தொடும் உங்கள் பின்னலே அதற்கு விளம்பரம்.

சோர்வாக இருக்கிறதென்று நீங்கள் போனதற்கு டாக்டர் எங்கள் லேபில் தைராய்டு பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அடிமட்டம், டி4 உச்சம். சுரப்பி அளவு மீறி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படியானால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு இளைக்கும். ரிப்போர்ட்டோடு கடைக்கு வந்து பார்த்தால், நீங்கள் ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கனம் தாங்காமல் நாற்காலி முனகியது.

"அக்கா, வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

"எனக்கு இன்னாத்துக்கு மாத்திரை?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னீர்கள். எண்ணெய்க்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். பிறகு என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துப்போய், நூல்கண்டு டப்பாவிலிருந்து ஓர் அட்டையை எடுத்தீர்கள். முடி வளர்வதற்கான பயோட்டின் மாத்திரை.

"கொத்துக்கொத்தா கொட்டிகினு இருக்குதுடி. சவுரி வெச்சிதான் பின்றேன். வெளிய தெரிஞ்சா பொழப்பு பேஜாராயிடும்."

அந்த மாத்திரை பரிசோதனையையே ஏமாற்றிவிடும் என்றேன். "டாக்டர்கிட்டயாவது சொல்லுங்க. இல்லன்னா சுரப்பிய அடக்கற மருந்து குடுத்துடுவாரு."

"அவரு சம்சாரம் நம்ம கஸ்டமராச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

கடைசியில் போய்ச் சொன்னீர்கள். மாத்திரையைச் சில நாள் நிறுத்தி மறுபடி பார்த்ததில் டி.எஸ்.எச். நன்றாக ஏறியிருந்தது.

"ஏறினா நல்லதுதானே?"

"இல்லக்கா. சுரப்பி சோம்பேறியாயிட்டா மூள அதட்டும். அந்த அதட்டல்தான் டி.எஸ்.எச். முடி கொட்டினதும் அதனாலதான் இருக்கும்."

"அப்ப எண்ணெ மேல தப்பில்ல" என்றீர்கள், நிம்மதியாக.

டாக்டர் கொடுத்த தைராய்டு மாத்திரையில் சில மாதங்களில் முடி மறுபடி அடர்ந்தது. பெயர் என்னவோ எண்ணெய்க்குத்தான். போன வருடம் மாரடைப்பில் நீங்கள் போன அன்றும், "இன்னா முடி பாரு" என்றுதான் அழுதார்கள். மாத்திரை விஷயம் என்னோடே இருக்கட்டும்.

இப்போதெல்லாம் தைராய்டு பரிசோதனைக்கு வருகிறவர்களைத் தனியாக உட்காரவைத்து, முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று மெதுவாகக் கேட்கிறேன். இல்லை என்று சத்தமாகச் சொல்கிறவர்களிடம் மட்டும் இன்னொரு முறை கேட்கிறேன்.