விசாரணைக்கு முன் மாத்திரை வேண்டாம்

அப்பா,

மாலை வகுப்புக்குப் போகிறேன். நான் திரும்புவதற்குள் தூங்கியிருப்பீர்கள். அம்மா இன்னும் உங்களோடு பேசமாட்டாள். கருவாட்டுக் குழம்பு உறியில் இருக்கிறது, நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள்.

களத்து நெல் சுணை பட்டு உடம்பு அரிக்கும். சாப்பிட்டபின் அரிப்பு மாத்திரை ஒன்று மட்டும் போட்டுப் படுங்கள். அடங்கவில்லை என்று இன்னொன்று போடாதீர்கள். கள்ளுக்கடைப் பக்கமும் இன்று வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்தாம், டாக்டரிடமே கேட்டேன். காலையில் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

போன விசாரணைக்குப் போகும்போது பஸ்ஸில் போட்ட மாத்திரையால்தான் கண் சொருகி நின்றீர்கள். பண்ணைக் கணக்குப்பிள்ளை, "பாருங்க சார், காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான். இவனா சாகுபடி பண்றவன்?" என்று அதிகாரியிடம் சொன்னார். அம்மாவும் குடித்ததாகவே நம்புகிறாள். நான் சொல்லிப் பார்த்தேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லையோ என்னவோ.

நாளை விசாரணையில் குத்தகைக்காரராக உங்கள் பெயர் பதியாவிட்டால் நிலம் பண்ணைக்கே போய்விடும். ஜெயிப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்சவல்லி

மறந்துவிட்டேன்: அதிகாரி முன்னால் அரித்தால் வெட்கப்படாமல் சொறியுங்கள். தடிப்பை அவர் பார்க்கட்டும். கணக்குப்பிள்ளை கையில் ஒன்றுகூட இருக்காது.