கிளேர் டாக்டர் அல்ல

பிரெஸ்டன்,
ஞாயிறு, பிற்பகல்

என் கண்ணே கிளேர்,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்க இந்த முறை மனம் வரவில்லை, செவ்வாய்க்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே நீ நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்துவிட்டது. கார்ன்வாலில் விடாத மழை என்றாய், இங்கும் அதேதான், பின்பக்கக் கூரைக் குழாய் இரண்டு இடத்தில் ஒழுகி, பக்கத்து வீட்டு ஹெஸ்கெத் அம்மாளின் மருமகன் வந்து அடைத்துவிட்டுப் போனான். அவன் அடைத்த அழகை உன் அப்பா பார்த்திருந்தால் மறுபடி பிரிக்கச் சொல்லியிருப்பார். நீ விட்டுப்போன பூனைக்கு உடம்பு பெருத்துவிட்டது, மாடிப்படி ஏறுவதில் இப்போது நாங்கள் இருவரும் ஒரே வேகம்.

சுற்றி வளைத்தது போதும். அன்று நீ சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தேன். ஐந்து மாதத்துக்கு முன் நம் பங்குக் கோவிலின் செய்தி மடலில் உன் படத்தைப் போட்டு 'டாக்டர் கிளேர் கிர்க்கம்' என்று எழுதியிருந்ததை உன் ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் ஒருத்தி இணையத்தில் பார்த்து மேலிடத்தில் புகார் கொடுத்துவிட்டாள், வருகிற வியாழக்கிழமை விசாரணை, டாக்டர் அல்லாதவள் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டாள் என்று முடிவானால் வேலை போய்விடும் என்றாய். யார் எழுதியது என்று அவர்கள் கேட்டதற்கு, "தெரியலன்னு சொல்லிட்டேன்மா" என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீ சற்று நேரம் காத்திருந்தாய். உனக்குத் தெரியும், கிளேர். நானே சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தாய். அதை எழுதியது நான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி ஃபாதர் லோமாக்ஸ் இரண்டு வரி கேட்டார். 'பிசிஷியன் அசோசியேட்' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு 'டாக்டர்' என்று எழுதிக் கொடுத்தேன். அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கெல்லாம், டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பாள், மருந்துச் சீட்டில் கையெழுத்து மட்டும் டாக்டர் போடுவார் என்று விளக்கி அலுத்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஹெஸ்கெத் அம்மாளின் மகன் இதய அறுவை மருத்துவன், அவன் படமும் அதே பக்கத்தில் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் காரணம். உன் அப்பாவுக்கு இந்த வியாதி இருந்ததில்லை. கிளப்பில் யாராவது அவரை டாக்டரோட அப்பா என்று கூப்பிட்டால், "டாக்டர் இல்லப்பா, டாக்டருக்குப் பக்கத்துல நிக்கிறவ, எனக்கு அவ பார்த்தாப் போதும்" என்பார்.

அந்த இளம் டாக்டர் மேல் கோபம் வைக்காதே. அவளுக்கு ஐந்து ஆண்டுப் படிப்பு, பிறகு இரண்டு ஆண்டு வார்டு வார்டாக அலைச்சல், அதற்கு மேலும் ஓயாத பரீட்சைகள். உனக்கு உயிரியல் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு, கடைசியில் நாட்டுக்கெல்லாம் பொதுவான ஒரு பரீட்சை. அந்த இரண்டு ஆண்டை நீ எப்படிப் படித்தாய் என்று நான் அறிவேன், சோபாவில் என்னைப் படுக்கவைத்துக் கல்லீரல் எங்கே முடிகிறது என்று வயிற்றை அழுத்தி அழுத்தித் தேடினாயே. ஆனாலும் இரண்டு இரண்டுதான், ஏழு ஏழுதான். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் பெர்பெட்சுவா இரக்கப்பட்டு அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை, அதற்காக எங்களில் யாரும் அவரை வெறுத்ததுமில்லை. நீ சம்பாதிக்காத பட்டத்தை உனக்குக் கொடுத்து, நீ சம்பாதித்ததை நான் அடித்துவிட்டேன். போன குளிர்காலத்தில் ஒரு மீனவருக்கு வயிற்றுவலி என்று சொன்னாயே, வெறும் வாயு என்று டாக்டர் சொல்லியும் நீ விடாமல், "எனக்கு என்னன்னு தெரியல, ஆனா இது சரியில்ல, நீங்களே வந்து கை வச்சுப் பாருங்க" என்று மூன்று முறை போய் நின்றாய், திட்டும் வாங்கினாய், மூன்றாவது முறை அவர் வந்து பார்த்து நேரே அறுவை அறைக்கு அனுப்பினார். 'எனக்குத் தெரியல' என்று ஒரு முறை சொல்லவே எழுபத்தெட்டு வயதில் எனக்கு வரவில்லை. மடலில் நான் அதை எழுதியிருக்க வேண்டும்.

புதன்கிழமை ஃபாதரிடம் போனேன். "விடுங்க வினிஃப்ரெட், அடுத்த மடல்ல ஓரமா ஒரு வரி போட்டுரலாம்" என்றார். ஓரத்தில் வேண்டாம், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், என் பெயரோடு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இன்று பூசை முடிந்து கூடத்தில் தேநீர் குடிக்கையில் ஹெஸ்கெத் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: 'கிளேர் டாக்டர் அல்ல, பிசிஷியன் அசோசியேட். தெரிந்தே தவறாக எழுதியவர் அவளுடைய தாய்.' வாசித்துவிட்டு, "ஏன்டி வினி, இந்த ரெண்டு வரி எழுத உனக்கு எத்தனை நாளாச்சு?" என்றாள். எழுத அஞ்சு நிமிஷம், ஒத்துக்க அஞ்சு மாசம் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. "என் பையன் ஈஸ்டருக்கப்புறம் போனே பண்ணல, ஃபாதர்கிட்ட சொல்லி அதையும் போடச் சொல்லட்டுமா?" என்றாள். நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

இத்துடன் புதிய மடலும், நடந்ததை எழுதிக் கையெழுத்திட்ட என் கடிதமும் இருக்கின்றன. பிரித்தவுடன் உன் மேலதிகாரியிடம் கொடு, வியாழன் வரை வைத்திருக்காதே. 'தெரியல' என்று நீ சொன்னதையும் நீயே போய்த் திருத்து. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய், அதை நினைத்து நான் அழுதது உண்மை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவள், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லக்கூடாது. வேலை போகாது என்று நான் உறுதி சொல்ல முடியாது. போனால் வீட்டுக்கு வா, எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டு, வாங்கிக்கொள்கிறேன். விசாரணையன்று காலை ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போ, அந்த நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், முழங்கையில் கிழிந்தது அல்ல, மற்றது. வியாழன் பத்து மணிக்கு நான் மாதா முன் ஜெபமாலையோடு இருப்பேன். இறைவன் உன் கையையும் நாவையும் காப்பாராக.

மறக்காதே, எழுதியது யார் என்று மறுபடி கேட்பார்கள். தலையைக் குனியாமல், 'எங்க அம்மா' என்று சொல்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா,
வினிஃப்ரெட் கிர்க்கம்