மச்சாளுக்குச் சொன்ன படம்

மச்சாள்,

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்தில் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உம்முடைய அண்ணன் மோட்டார் சைக்கிளை விட இடம் தேடிப் போயிருந்தார். பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். சுடுமணலும் கச்சான் தோலும் சேர்ந்த அந்த மணம் வந்ததும் நீர் என் வலப்பக்கம் நிற்கிறீர் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். நீர் பிடித்துக்கொள்வதற்கு வசதியாக என் முழங்கை தானாக மடிந்தது. பிறகுதான் நினைவு வந்து கையைக் கீழே விட்டேன்.

எனக்கு முன்னால் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் இருவர் வரிசையில் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உதை சீரிஸாய் எடுத்திருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை என்னத்தைச் சொல்லப் போறாங்கள்?" என்றாள் ஒருத்தி.

"உனக்கென்ன விசரே? அவள் பறக்கிறதை உந்தச் சின்ன ஃபோனுக்குள்ளை வைச்சுப் பார்க்கப் போறியோ?" என்றாள் மற்றவள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய சண்டையை நம்மைக் கேட்காமலே யாரோ குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள் போலிருந்தது. படந்தான் என்று நின்ற உம்முடைய கட்சிக்காரி கொஞ்சம் தடுமாறித்தான் வாதாடினாள். நீர் நின்றிருந்தால் அவளின் தோளில் தட்டி, "பிள்ளை, அப்பிடிச் சொல்லக் கூடாது, இப்பிடிச் சொல்லும்" என்று இரண்டு நல்ல நியாயங்களை எடுத்துக் கொடுத்திருப்பீர். நான் கச்சான் வாங்கினேன்.

உம்முடைய அண்ணனைக் கட்டிக் கோப்பாய்க்கு வந்த நாளிலிருந்து நமக்கு நடுவில் ஒரு வேலிதான். அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய ஓட்டையாக ஒரு பொட்டு. தபால் கந்தோரில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தப் பொட்டுக்குள்ளால் நீர் வருவீர். ஒத்த வயதுக்காரிகள் என்றாலும் கடைசிவரை நாம் ஒருவரையொருவர் நீர் போட்டுத்தான் கதைத்தோம். மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி. மற்றதெல்லாம் நக்கல்தான்.

உம்முடைய மகன் கனடாவுக்குப் போனபோது பழைய லப்டொப்பை விட்டுவிட்டுப் போனான். "கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருந்து என்னத்தைப் பார்த்துச் சிரிச்சவன் எண்டு பாப்பம்" என்று அதைத் தூக்கிக்கொண்டு நீர் வந்தீர். திறந்தால் உள்ளே எல்லாம் சூப்பர் ஹீரோக்கள். படங்களும் இருந்தன, தொடர் நாடகங்களும் இருந்தன. எல்லாரும் டப் செய்த இந்தியத் தமிழில் கதைத்தார்கள். உலகத்தை அழிக்கப்போகிற வில்லன் சென்னைத் தமிழில் அதை அறிவித்தபோது நீர் சிரித்த சிரிப்புக்கு என் மாமரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. அவரவர் பெயர் நமக்கு வாயில் வரவில்லை. அதனால் ஒரு நாடகத்தில் காற்றை அடக்கி ஆளுகிற பெண்ணுக்குக் காத்துக்காரி என்றும், அவளின் எதிரிக்கு நரைத்தாடி என்றும் நாமே பெயர் வைத்தோம். காத்துக்காரி பகலில் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புத் தோய்க்கிறவள். எனக்கு அதுதான் பிடித்தது. உமக்கோ அவள் தோய்க்கிற ஒவ்வொரு விரிப்பும் நேர விரயம்.

"உவள் எப்ப பறப்பாள்? படமெண்டா இப்ப மூண்டு தரம் பறந்து முடிச்சிருப்பாள்."

"அவளின்ரை தாய்க்கு என்ன வருத்தம் எண்டு தெரியாமல் அவள் பறந்தென்ன, விழுந்தென்ன?"

ஒருநாள் நீர் பெரிய ஆயுதத்தை எடுத்தீர். "நீர் தேர் பார்க்கக் கோயிலுக்குப் போறனீரோ, இல்லாட்டித் தேரின்ரை படத்தை வீட்டிலை வைச்சுப் பார்க்கிறனீரோ? பெரிசாய்ப் பார்க்க வேண்டியதைப் பெரிசாய்த்தான் பார்க்கவேணும். படந்தான் தேர்."

நானும் விடவில்லை. கொடியேறித் தேர் வரைக்கும் எத்தனை திருவிழா நடக்கிறது, அத்தனைக்கும் போய்க் கும்பிட்டவளுக்குத்தான் தேரன்று கண்ணில் தண்ணீர் வரும், திடீரென்று தேருக்கு மட்டும் வந்து நிற்கிறவளுக்கு அது வெறும் சனக்கூட்டம் என்றேன். நீர் யோசித்தீர். பிறகு, "அதுவும் சரிதான். ஆனா உம்மடை திருவிழாவிலை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தற்றை உபயமெல்லோ?" என்றீர். அன்றிலிருந்து அது நம்முடைய கணக்காகிவிட்டது. ஒரு கிழமை நாடகம் மேளமும் சோடனையுமாக இருக்கும். அடுத்த கிழமை வேறொரு இயக்குநர் எடுத்தது சப்பென்று இருக்கும், பறக்கிற கயிறே தெரியும். "இண்டைக்கு உபயகாரர் கை இறுக்கம்" என்பீர். இப்போதும் எங்காவது ஒரு நாடகம் சறுக்கினால் எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

மூன்றாவது சீசனை ரீவியில் பார்க்கத் தொடங்கியபோது நம் இருவருக்கும் ஒரே முறைப்பாடு. எல்லாம் இருட்டாக எடுக்கிறார்கள். அந்த வகை நாடகங்களில் மாயவேலை வெளிச்சத்தில் பல்லிளித்துவிடும் என்று சண்டைகளை எல்லாம் ஒழுங்கைகளிலும் நிலவறைகளிலும்தான் வைப்பார்கள். நீரும் ஏசுவீர், நானும் ஏசுவேன். நான் ரீவியின் வெளிச்சத்தைக் கூட்டுவேன். நீர் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுப்பீர். பிறகு இன்னும் கொஞ்சம். இரசிகைகள் இருவரும் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் இருந்தோம்.

பிறகு அந்த உப்பளக் காட்சி வந்தது. நட்ட நடு மத்தியானம், கண் கூசுகிற வெள்ளை, அதன் நடுவில் காத்துக்காரி தனியே நடக்கிறாள். "பாரும், இதையும் லைற் போடாமல் எடுத்திருக்கிறாங்கள்" என்றீர். நான் ரீவியைப் பார்த்தேன். உம்மைப் பார்த்தேன். நீர் ரீவியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

சீனி வருத்தம், அந்த நீரிழிவு, உமக்கு வருடக்கணக்காக இருந்தது. அது கண்ணுக்குள் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். லேசர் பிடித்தும் நிழலும் வெளிச்சமும் மட்டுமே மிஞ்சின. ஆஸ்பத்திரி வாசலில் நான் அழுதேன். நீர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அப்ப இவ்வளவு நாளும் அவங்கள் நல்ல வெளிச்சத்திலைதான் எடுத்தவங்களோ? பாவங்கள், அநியாயமாய் ஏசிப்போட்டன்" என்றீர்.

நாங்கள் எல்லாரும் உம்மில் அன்பாக இருந்தோம். அன்பு கூடியதில் உமக்கு என்ன வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்யத் தொடங்கினோம். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் உம்முடைய அண்ணன், "இனி உனக்கு நாடகந்தான் சரி. அதிலை கதைக்கிறாங்கள், கேட்டுக்கொண்டு இருக்கலாம். படத்திலை அடிபாடுதானே, நீ என்னத்தைக் கேக்கப் போறாய்?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும், அதுதானே என்றேன். இத்தனை வருடச் சண்டையில் நான் வென்ற நாள் அது, மச்சாள். நீர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர். பிறகு பல நாள் பொட்டுக்குள்ளால் வரவில்லை. கேட்டுக்கொண்டு இருக்கிறவர்களின் பக்கம் உம்மைக் கொண்டுபோய் இருத்திவிட்டோம். உமக்கோ பார்க்கிறவர்களின் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

காத்துக்காரியின் கதையை நாடகமாக முடிக்காமல் பெரிய படமாக எடுத்து முடித்திருக்கிறார்கள் என்ற செய்தியை உம்முடைய மகன்தான் ஃபோனில் சொன்னான். அன்று பின்னேரம் வேலியைத் தடவிக்கொண்டு வந்து நின்றீர்.

"தியேட்டருக்கு வந்திருக்காம். நான் போகப்போறன்."

"உனக்கு அங்கை என்ன வேலை?" என்றார் அண்ணன்.

"தேருக்குக் கண் தெரியாத சனம் வாறேல்லையோ, அண்ணை? அதுகளை நீங்கள் வீட்டை போய் ரேடியோவிலை கேளுங்கோ எண்டு சொல்லுறனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் ஓட்டோவுக்குத் தானே ஃபோன் எடுத்தார்.

தியேட்டரில் முதல் கால்மணி நேரம் நான் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. "அடிபடுகினம்" என்றேன். "பறக்கிறாள்" என்றேன். நீர் என் கையில் கிள்ளினீர்.

"அடிபடுகினம் எண்டு எனக்கும் கேக்குது. எந்தக் கையாலை அடிக்கிறாள்? பறக்கிறாள் எண்டா, பருந்து மாதிரியோ, கொக்கு மாதிரியோ?"

பார்த்தேன். அவள் கொக்கு மாதிரித்தான், காலைப் பின்னுக்கு நீட்டிக்கொண்டு பறந்தாள். எத்தனை வருடமாகப் பறக்கிறவர்களைப் பார்க்கிறேன், காலை என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சொன்னேன். நீர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தீர்.

பிறகு பெரிய சண்டை வந்தது. "நரைத்தாடியின்ரை ஆக்கள் எல்லாரும் விழுகினம்" என்றேன்.

"பனை விழுற மாதிரியோ, வாழை விழுற மாதிரியோ?"

"வாழை. குலையோடை நிண்ட வாழை. காத்து வந்து இடுப்பிலை முறிச்சு, இலையெல்லாம் முன்னுக்கு வந்து மூடுற மாதிரி, மெல்ல ஆறுதலாய்ச் சரியினம்."

"ஆ… நீர்வேலி ஊரிலை அண்டைக்குக் காத்தடிச்ச மாதிரி."

"அதே மாதிரி. தோட்டம் முழுக்க."

முன்வரிசையில் இருந்தவர் திரும்பினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். உம்முடைய கறுப்புக் கண்ணாடியைக் கண்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். இடைவேளையில் எழும்பி வெளியே போகிறபோது, "அக்கா, அந்த வாழை விழுந்த இடம் நல்லாயிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீர் அதைக் கேட்டு, ஏதோ நீரே எடுத்த படம்போலத் தலையை ஆட்டினீர்.

ஆனால் அந்தப் படம் சரியில்லை, மச்சாள். மூன்று சீசனாக நாம் பார்த்துப் பார்த்து வளர்த்த கதையைப் பின்பாதியில் அள்ளிப் போட்டு முடித்துவிட்டார்கள். தாயும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் காத்துக்காரி மேலே நின்று நகரத்தைப் பார்த்தபோது, "ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்கிறாள், கொடியிலை விரிப்பெல்லாம் காயுது, காத்தை மெல்ல விடுறாள், எல்லாம் ஒண்டாய் ஆடுது" என்றேன். உம்முடைய கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

திரும்பி வருகிறபோது உரும்பிராய்ச் சந்தி தாண்டும்வரை நீர் ஓட்டோவின் ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே வந்தீர். பிறகு, "திறம். நல்ல படம். நான் அப்பவே சொன்னனான், படந்தான் திறம்" என்றீர்.

"ஆஸ்பத்திரி காட்டினவங்களோ?"

நான் வெளியே தோட்டங்களைப் பார்த்தேன்.

"காட்டியிருக்க மாட்டாங்கள். பின்னாலை இருந்தவன் அந்த நேரம் கொட்டாவி விட்டவன். எனக்குக் காது இருக்குத்தானே."

"அப்ப எப்பிடியப்பா அது திறமான படம்?"

"நாடகத்தை நான் தனிய இருந்து கேப்பன். அதுக்கு ஒருத்தரும் தேவையில்லை. படத்துக்கு நீர் வேணும். அதாலை படந்தான் திறம்."

ஓட்டோவில் அழுதேன். உமக்குத் தெரிந்திருக்கும், காதுதான் இருந்ததே.

அதற்குப் பிறகு எது வந்தாலும் போனோம். நல்லதுக்கும் போனோம், கூடாததுக்கும் போனோம். பார்க்க வேண்டியதைப் பார்த்துச் சொல்ல நானும் பழகிவிட்டேன். கை எங்கே, கால் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்றெல்லாம். போன மாரி மழைக்கு முன்பு சீனி வருத்தம் உம்முடைய சிறுநீரகத்துக்கும் போய், ஆஸ்பத்திரியில் ஒருநாள் விடியற்காலை நீர் போய்விட்டீர். நிம்மதியாகத்தான் போனீர். அதற்கு முதல்நாள்கூட, பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு நாடகத்தின் அடுத்த சீசன் எப்போது என்று தாதியிடம் விசாரித்தீர். மகன் வந்து எல்லாம் செய்து முடித்துப் போனான். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருந்த வருடங்கள் அவை. ஆனால் வாய் மட்டும் நிற்கவில்லை. ரீவிக்கு முன்னால் தனியே இருந்தாலும், "இப்ப திரும்புறாள், முகத்திலை பாதி நிழல்" என்று உதடு தன்பாட்டில் அசைகிறது. சந்தைக்குப் போகிற வழியில்கூட, எதிரே வருகிற சைக்கிள் எப்படி வருகிறது என்று மனதுக்குள் யாருக்கோ சொல்லிக்கொண்டுதான் போகிறேன்.

அதைக் கண்டுதானோ என்னவோ, போன ஞாயிறு உம்முடைய அண்ணன், "படமொண்டு வந்திருக்காம், போவமே?" என்று கேட்டார். நம்மோடு ஒருநாளும் தியேட்டருக்கு வராத மனுசன். உள்ளே போய் இருந்தோம். விளக்குகள் அணைந்தன. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்.

"இஞ்சருங்கோ, நித்திரையோ? தொடங்கியிட்டுது."

"நித்திரை இல்லை," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "அவளுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் ஒருக்காச் சொல்லுமன்."

சொன்னேன். முதலிலிருந்து கடைசி மட்டும் சொன்னேன். அவர் ஒரு இடத்திலும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கன்னம் நனைந்திருந்தது.

படம் அவ்வளவு திறமில்லை, மச்சாள். நான் நன்றாகச் சொன்னேன்.