ஆளுக்கொரு கைப்பிடி

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

இப்போது உயரமான கட்டடத்தில் கண்ணாடி துடைக்கிறேன். கம்பிக் கயிற்றில் தொங்கும் மேடையில் நானும் என் கூட்டாளியும் நிற்போம். அவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு கைப்பிடி. இருவரும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் மேடை சாயாமல் ஏறும். செவ்வாய்க்கிழமை நான் அவசரப்பட்டு விறுவிறுவென்று சுற்றிவிட்டேன். என் பக்கம் உயர்ந்து, மீசை சரிந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வாளி மட்டும் எங்களுக்கு முன்னால் கீழே போய்விட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. எங்களுக்கு பெல்ட் இருக்கிறது, பயப்படாதே.

அவர் திட்டவில்லை. "தோள் வலிக்குதுன்னு நானும் சொல்லல. நீயும் திரும்பிப் பாக்கல" என்றார். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் சேர்ந்து எண்ணுகிறோம்.

கடைத்தெருவில் நீயும் இதைத்தான் சொல்வாய். "ஏங்க, கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன்." நான் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருப்பேன்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். ஒன்று மட்டும். உனக்குச் செருப்பு வாங்க வேண்டும். ஒரு தாளில் காலை வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது, உன் கால் அளவு எனக்குத் தெரியவில்லை.

உன் கணவன்