பாதியாக்கக் கூடாத மைலேஜ்

தென்னூர், திருச்சி
8 ஜூன் 2025

அன்பு மருமகள் லின்சிக்கு, மாமா ஜெபராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தும், எங்கள் மாதா கோயில் மணி சாட்சியாக ஒரு கதை சொல்லப்போகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்து அதன் கம்பீரத்தைக் கெடுத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

ஹைபிரிட் கார் வாங்கிவிட்டேன். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற வண்டி. சார்ஜரில் மாட்ட வேண்டாம். பிரேக் பிடித்தால் பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நான் வேகமாக ஓட்டும்போது உன் அத்தை ரோசம்மாள் போடும் சத்தத்தையும் அது மின்சாரமாக மாற்றிக்கொள்வதாக எனக்கு ஒரு சந்தேகம்.

வாங்கிய அன்று பெட்ரோல் போட்டதுதான். பங்க் முதலாளி வீடு தேடி வந்து, "எங்க மேல ஏதும் கோவமா சார்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிட்டருக்கு ஐம்பது தருகிறது. பின்னாலிருந்து காற்று அடித்தால் அறுபது. போன வாரம் கன்னியாகுமரி போய்த் திரும்பினேன். டேங்கைப் பார்த்தால், புறப்பட்டபோது இருந்ததைவிட அதிகம் இருக்கிறது.

நேற்று காப்பிப்பொடி வாங்க ஸ்ரீரங்கம் போனேன். பின் சீட்டில் என் சிநேகிதன் அழகிரி. ராஜகோபுரத்துக்கு முன்னால் நெரிசல். வண்டி நின்றதும் எஞ்சின் தானாக அணைந்தது. ஹைபிரிட் வண்டியின் சுபாவம் அது. இந்தப் பெரியவரின் வண்டி படுத்துவிட்டது என்று நினைத்துப் பூக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், வெளியூர்ப் பக்தர்கள் என நூறு பேர் தள்ளத் தொடங்கினார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மகாராஜாவாக உட்கார்ந்திருந்தேன். அழகிரி இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தான். அப்போது ராஜகோபுரம் இடுப்பை வளைத்துக் குனிந்து, காருக்குள் எட்டிப் பார்த்து, "முன் சீட்டு காலியா இருக்கே, லின்சி எப்ப வருவா?" என்று விசாரித்தது.

அதற்கு என்ன பதில் சொல்வது?

உன் மாமா,
ஜெபராஜ்


தாம்பரம், சென்னை
13 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். அப்பா சிரித்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது.

சிரித்து முடித்த பிறகுதான், இதை உங்களிடமே கேட்டால் என்ன என்று தோன்றியது. திருச்சியில் ஒரு கல்லூரியில் எனக்கு வேதியியல் ஆசிரியர் வேலை தருகிறார்கள். இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிரவீன் முசிறியில் இருக்கும் தன் கால்நடை கிளினிக்கை விட்டு வர முடியாது. அங்கே வருகிற மாடுகளைத் தாம்பரத்துக்கு வரச் சொல்ல முடியுமா? எனக்கு வேலை சென்னையில் என்பதால், கல்யாணமாகி மூன்று வருஷமாக நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணவன் மனைவியாகத்தான் இருக்கிறோம். இந்த வேலை கிடைத்தால் முசிறியில் ஒரே வீட்டில் இருக்கலாம்.

ஆனால் லேப் முடிய மாலையாகிவிடும். அதற்கப்புறம் பஸ் பிடித்து முசிறி போய்ச் சேர்ந்து, மறுநாள் விடியும் முன் கிளம்ப வேண்டும். என்னால் முடியாது என்று எனக்கே தெரியும். கார்தான் வழி. தினமும் போக வர எண்பது கிலோமீட்டர். சம்பளம் முழுவதையும் பெட்ரோல் குடித்துவிட்டால் எதற்கு இந்த வேலை?

உங்கள் வண்டிக்கு இன்டர்நெட்டில் ஒருவர் லிட்டருக்கு முப்பது என்கிறார், இன்னொருவர் பதினைந்து என்கிறார். அவர்களில் யாரும் முசிறி ரோட்டில் ஓட்டியதில்லை. நீங்கள் ஓட்டலாம்.

நம் வீட்டுச் சட்டம் உங்களுக்கும் தெரியும்: மாமா சொன்னால் அதில் பாதி. நீங்கள் பத்தடிப் பாம்பு என்றால் அம்மா ஐந்தடி என்று எடுத்துக்கொள்வாள். இந்த ஒரு தடவை எனக்கு நிஜத்தை எழுதுங்கள் மாமா.

அன்புடன்,
லின்சி


தென்னூர்
21 ஜூன் 2025

அன்பு லின்சிக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து தினமும் முசிறி போய் வருகிறேன். காவிரிப் பாலம், கொள்ளிடம், டோல்கேட், குணசீலம், முசிறி. நீ போகப்போகிற அதே நேரத்தில், ஏ.சி. போட்டு, வாழைத்தார் லாரிகளுக்குப் பின்னால். வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று தினம் ஒரு தார் வாங்கியதில், இப்போது தென்னூரில் என்னைக் கண்டால் ஜனங்கள் கதவைச் சாத்துகிறார்கள். போப்பாண்டவருக்கே ஒரு சீப்பு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டேஷ்போர்டு காட்டும் கணக்கை நம்பவில்லை. அதுவும் என் ஜாதிதான், கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறது. டேங்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பிப் பார்த்தேன். லிட்டருக்கு இருபத்து மூன்று. கம்பெனி சொன்னதைவிடக் குறைவு. ஊருக்குள் நின்று நின்று போனால் இன்னும் நன்றாகக் கொடுக்கிறது. திறந்த ரோட்டில் காலை அழுத்தினால் குறைந்துவிடுகிறது. மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர்.

பேட்டரி இடத்தை எடுத்துக்கொண்டதால் டிக்கி சின்னது. இதெல்லாம் சத்தியமான நிஜம்.

மாமா


தாம்பரம்
25 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்காக இவ்வளவு தூரம் அலைந்திருக்கிறீர்கள். எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

நீங்கள் சத்தியம் என்று எழுதியதைப் படித்ததும் அம்மா, "என் தம்பி சத்தியம்னு சொன்னாத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றாள். அதனால் வழக்கப்படி பாதியாக்கினோம். பதினொன்றரை. அப்பாவின் பழைய காரே பன்னிரண்டு கொடுக்கிறது. அதற்காகப் புது வண்டி வாங்குவதில் அர்த்தமில்லை.

பிரவீனிடம் சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழமை எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். அதற்கப்புறம் கிளினிக்குக்கு வந்த மாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு வர இயலாது என்று எழுதிவிடுவேன். நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

லின்சி


தென்னூர்
27 ஜூன் 2025
கூரியரில்

லின்சி,

பாதியாக்காதே.

போனில் சொன்னால் இதையும் கதை என்பாய். நாற்பது வருஷமாக நான் அளந்ததற்கெல்லாம் சேர்த்து வட்டியை நீ கட்டக் கூடாது. இருபத்து மூன்று என்றால் இருபத்து மூன்றுதான். என் பேச்சு செல்லாது என்பதால் நேற்று உன் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து முசிறிக்கு ஓட்டினேன். பெட்ரோல் போடும்போது அவளே இறங்கி மீட்டரைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வராது என்பது ஊரறிந்தது. பெண் பார்க்க வந்த என்னைப் பற்றி அவள் சொன்னது "பரவாயில்லை". அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறேன்.

கீழே இருப்பது அவள் கையெழுத்து.

ஜெபராஜ்

லின்சி, அத்தை எழுதுறேன். இவர் சொன்ன கணக்குக்குக் குறையல, நானும் பார்த்தேன். டிக்கியில ரெண்டு தார் வைக்க முடியல. சீட்டு கொஞ்சம் தாழ்வு, எனக்கு இறங்கக் கஷ்டம். பெட்ரோல் பரவாயில்லை. நீ வந்தா நல்லது.
ரோசம்மாள்


முசிறி
12 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

அத்தையின் "பரவாயில்லை"யைப் படித்ததும் அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பெட்டியைக் கட்டுடி" என்றாள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வேலையில் சேர்ந்து, உங்கள் வண்டி மாதிரியே ஒன்று வாங்கிய பிறகு நிதானமாக உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. உங்கள் முறைப்படி டேங்கை வாய்வரை நிரப்பிப் பார்த்தேன். இருபத்து நாலுக்கும் மேலேயே வருகிறது. மாமா, வாழ்க்கையில் முதன்முறையாக நீங்கள் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவிடம் சொன்னேன், உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டாள்.

குறையும் இருக்கிறது. மழையில் ரோடு பள்ளமாகும்போது அடி தட்டுகிறது. பிரவீனுக்கு டிக்கி போதவில்லை, மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறார். ஆனால் வண்டி சத்தமில்லாமல் வந்து நிற்பதால் கிளினிக் வாசலில் மாடுகள் மிரளுவதில்லையாம். அதற்காகவே இன்னொரு தடவை வாங்கலாம் என்கிறார். சாயங்காலம் நான் வரும் நேரம் பார்த்து டீ போடுகிறார். டீ சுமார்தான். நான் சொல்லவில்லை.

இன்னொன்று. நேற்று காவிரிப் பாலத்தில் நெரிசல். எஞ்சின் அணைந்ததும் பத்து பேர் ஓடிவந்து, "பயப்படாதீங்கம்மா, தள்ளிவிடுறோம்" என்று பாலத்தின் கடைசிவரை தள்ளினார்கள். நானும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மகாராணியாக உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்,
லின்சி


தென்னூர்
19 அக்டோபர் 2025

அன்பு லின்சிக்கு,

உன் பத்து பேரைப் பாதியாக்கி ஐந்து என்று வைத்துக்கொண்டேன். சட்டம் குடும்பத்தில் எல்லாருக்கும் பொது. பரம்பரைச் சொத்து சரியான கைக்குத்தான் வந்திருக்கிறது என்று உன் அத்தையிடம் சொன்னேன். "பரவாயில்லை" என்றாள். உனக்கும் விருது கிடைத்துவிட்டது.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உன் அம்மாவிடம் சொல். அந்த ஒரு கிலோமீட்டரை நான் வேண்டுமென்றேதான் குறைத்தேன். என் எண்ணை நம்பி வந்த பெண் ஒருநாள்கூட ஏமாறக் கூடாது என்று பயம்.

நீ இப்போது தினமும் பாலம் தாண்டுகிறவள் என்பதால் முதல் கடிதத்தைத் திருத்திவிடுகிறேன். பங்க் முதலாளி அழவில்லை, அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. கன்னியாகுமரிக்கு நான் போகவில்லை. ராஜகோபுரத்துக்கு முன்னால் என் வண்டியை யாரும் தள்ளவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அவ்வளவுதான். கோபுரமும் குனியவில்லை.

ஆனால் முன் சீட்டு காலியாக இருந்தது. லின்சி எப்போது வருவாள் என்று காருக்குள் ஒரு குரல் கேட்டது. அது மட்டும் நிஜம். குரல் யாருடையது என்று அழகிரிக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உன் மாமா,
ஜெபராஜ்