ரவி மாமாவின் போட்டோவுக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி

எம்மன்புரூக்கே, சுவிஸ்
ஞாயிறு

அன்பு மகள் யாதவிக்கு,

இஞ்சை நானும் அப்பாவும் சுகம், அப்பாவின்ர முழங்கால் மட்டும் தனக்குச் சுகமில்லை எண்டு எழுதச் சொல்லுது. நீ வார்சோவிலை நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுறன். போனிலை எண்டால் நான் பகிடி விட்டே முடிச்சிடுவன், அதுதான் எழுதுறன். எழுத்துப் பிழை பாராதை, உன்ர அம்மா ஏழாம் வகுப்போடை நிண்டவள்.

உன்னைப் பற்றிப் படமெடுக்கிற ஆக்கள் வியாழக்கிழமை வந்தவை, கமராவோடை ஒரு நெட்டையனும் கேள்வி கேக்கிற மனிசியும். நீ பழகின பியானோவை எடுக்க வேணுமாம். நான் அதைத் துடைச்ச துடையைப் பாத்து, கலியாணம் கட்டி முப்பது வருசத்திலை தன்னை ஒருநாளும் இப்பிடிக் கவனிக்கேல்லை எண்டு அப்பாவுக்குக் கவலை. நெட்டையன் தனிய பதினொரு ரோல்ஸ் சாப்பிட்டான். நீ வாசிக்கிற பியானோப் பாட்டெல்லாம் எழுதின ஷொப்பான் இருவது வயதிலை உந்த வார்சோவை விட்டவராம், பிறகு திரும்பிப் போகவேயில்லையாம், பாரிசிலை செத்தாப் பிறகு அக்காக்காரி இருதயத்தை மட்டும் ஊருக்குக் கொண்டு போனவவாம். அந்த இருதயம் இருக்கிற கோயிலடியிலை நீ நிண்டு கதைக்கிறதையும் காட்டினவை. பிறகு மனிசி, நீங்களும் ஊரை விட்டு வந்தனீங்கள்தானே, என்ன நினைக்கிறியள் எண்டு கேட்டா. இஞ்சை பஸ் நேரத்துக்கு வருது எண்டன். நான் அழுவன் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பா, பாவம், அழுகை வரேல்லை.

அப்பத்தான் பியானோவுக்கு மேலை இருந்த ரவி மாமாவின்ர போட்டோவைக் கண்டவ. என்ர தம்பி எண்டன். செத்திட்டாரோ எண்டு கேட்டா. சண்டை முடியேக்கை ஆமியிட்டைக் கையளிச்சது, அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது எண்டு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டொச்சுப் பாசையிலை சொன்னன். மனிசி என்ர கையைப் பிடிச்சா, பிறகு அலுமாரியிலை இருந்த மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தி போட்டோவுக்கு முன்னாலை வைச்சா. கமராவும் எடுத்தது. அவையின்ர முறையிலை அது மரியாதை. ஆனால் பதினாறு வருசமாய் நான் அதுக்கு விளக்கும் வைக்கேல்லை, மாலையும் போடேல்லை, தூசு மட்டும் தட்டுறனான். வைச்சால் அவன் செத்தவன் எண்டு நானே சொன்ன மாதிரி. வேண்டாம் எண்டு சொல்ல இந்த வாய்க்கு அண்டைக்கு வரேல்லை. அவை போன பிறகு அப்பா ஊதி நூக்க வந்தார். இருக்கட்டும் எண்டன். மடிக்கிற உடுப்பை மடியிலை வைச்சுக்கொண்டு அது தானாய் முடியுமட்டும் இருந்தன். கோவமும் இல்லை, அழுகையும் இல்லை, பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி, தொட்டால் தெரியுது, நோகேல்லை. பிறகு எழும்பி உழுந்து ஊறப்போட்டன்.

பிள்ளை, அந்த மெழுகுதிரி வாற துண்டை வெட்டச் சொல்லு. எனக்காக இல்லை. சிவமலர் மாமி வவுனியாவிலை இருந்து உன்ர படத்தைக் கட்டாயம் பாப்பா. தன்ர புருசன் ரவி வருவான் எண்டு இண்டைக்கும் பொட்டு வைக்கிறவ. இஞ்சை ஆரோ கொளுத்தின திரியாலை அவவின்ர பொட்டு அழியக் கூடாது. போட்டோ இருக்கட்டும். செத்தவர் எண்டு சொல்லாதை, இன்னும் வரேல்லை எண்டு சொல்லு.

அவை காட்டின படத்திலை குளிருக்கை காது தெரியக் கோயிலடியிலை நிக்கிறாய், தொப்பியைப் போடு. உன்ர விரலுக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் வராது, நல்லாய் இருப்பாய். திரி முடியுமட்டும் நான் இருந்ததை மட்டும் மாமிக்குச் சொல்லிப்போடாதை.

உன்ர அம்மா
செல்வராணி