மஞ்சள் சீட்டு ஒட்டிய இடம்

நோபெயோகா,
மே 20

அன்புள்ள ஷுன்பெய்க்கு,

மழைக்காலத்துக்கு முன்பே இங்கு புழுக்கம் வந்துவிட்டது. அம்மாவும் நானும் நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கான சான்று எதுவும் உறைக்குள் இல்லை.

அடுத்த போட்டிக்காக நீ அனுப்பிய குடும்பத்தார் ஒப்புதல் படிவம் செவ்வாயன்று கிடைத்தது. மஞ்சள் சீட்டு ஒட்டி, "அப்பா, இந்த இடத்துல முத்திரை குத்தினா போதும், படிக்க வேணாம்" என்று எழுதியிருந்தாய். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பத்திரங்களைச் சரிபார்த்தே பிழைக்கிறவனிடம் படிக்க வேண்டாம் என்று சொல்ல உனக்கு எப்படித் துணிவு வந்தது? இரண்டு முறை படித்தேன். "போட்டியாளரின் வலக்கண் முழுமையாகக் குணமடைந்ததை நேரில் அறிவேன்" என்கிறது நான்காம் பிரிவு. மார்ச்சில் விழித்திரை அறுவைச் சிகிச்சை நடந்தபின் நீ எங்களை வர வேண்டாம் என்றாய். உன்னை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. அறியாததை அறிவேன் என்று, கையெழுத்துக்கு ஈடான என் பெயர் முத்திரையை எவ்வாறு இடுவது? உன் பயிற்சிக்கூடத் தலைவர் ஓகுனியிடம் தொலைபேசியில் கேட்டேன். "என்ன சார், ஒரு முத்திரைக்கு இவ்வளவு யோசனையா? பையன் குதிரை மாதிரி இருக்கான்" என்றார். குதிரைக்குக் கண் பரிசோதனை ஆயிற்றா என்றேன். அது ஜூன் மூன்றாம் தேதியாம். படிவம் மட்டும் மே முப்பதுக்குள் வேண்டுமாம். இந்த வரிசைதான் எனக்கு விளங்கவில்லை.

கராத்தேயை விட்டு நீ கிக்பாக்ஸிங்கிற்குப் போன நான்கு ஆண்டுகளில் பதினொரு போட்டிகள், ஐந்து தோல்விகள். எல்லாக் காணொளிகளையும் மறுபடி பார்த்தேன். மூன்று தோல்விகளுக்குக் காரணம் ஒன்றே. உன் குத்து சரியாகவே விழுகிறது; உடனே ஓரடி பின்வாங்கி, கையை இடுப்புக்கு இழுத்து, நடுவர் கொடி தூக்கக் காத்து நிற்கிறாய். கராத்தேயில் அதற்குப் புள்ளி உண்டு. இங்கே கொடி யாரிடமும் இல்லை. எதிராளியின் கால்தான் உயர்கிறது. பிப்ரவரியில் அந்த உதைதான் உன் கண்ணில் விழுந்தது. "தம்பி, கொடி நாளைக்குத்தான் வரும், கையைத் தூக்குடா" என்று எவரோ கத்துவது அந்தக் காணொளியிலேயே கேட்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்மீது அல்ல. உன் பதினொரு வயதில், மரியாதை தெரிந்த பிள்ளை என்று எல்லோர் முன்னும் அந்தப் பின்வாங்கலை மெச்சியவன் நான். அந்தப் பொறுப்பை மறுக்கவில்லை.

பொரித்த கோழியை வினிகரில் முக்கிக்கொண்டே உன் அம்மா சொன்னாள், "அவனுக்கு ஒரு கண்ணுதான் சரியில்ல. உங்களுக்கு ரெண்டும் நல்லா இருந்தும் நாலாம் பிரிவு மட்டும்தான் தெரியுது. நேர்ல போய்ப் புள்ளையைப் பாருங்க." அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை.

ஆகவே படிவத்தை முத்திரையின்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இதை மறுப்பாகக் கொள்ளாதே. கால நீட்டிப்பு வேண்டி ஓகுனிக்குத் தனியே எழுதியுள்ளேன். கிடைக்காவிட்டால் இந்தப் போட்டி உனக்கு இல்லை. மூன்றாம் தேதி பரிசோதனையின்போது ஓசாகாவில் உன் பக்கத்தில் இருப்பேன். முத்திரை என் சட்டைப்பையில் இருக்கும். மருத்துவர் சரியென்றால் அங்கேயே இடுவேன்.

உன் கண்ணும் உடலும் காக்கப்பட அம்மாவும் நானும் வேண்டுகிறோம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய். இனி ஓரடி பின்வாங்கி, கையை இடுப்பில் வைத்து, தீர்ப்புக்காகக் காத்திரு. அந்தப் பழக்கத்துக்கு உரிய இடம் இதுதான்.

உன் அப்பா,
மொரிசாகி கென்சாகு